பழைய வால்வைச் சொருகலாமா?

கேள்வி: அப்பா ரேடியோ ரிப்பேர் பார்த்தவர். அவர் பெட்டியில் பழைய வெற்றிடக் குழாய் வால்வுகள், அதாவது 12ஏஎக்ஸ்7 நாலு, 6எல்6ஜிசி இரண்டு, 5யு4ஜிபி ஒன்று கிடைத்தன. என் கிட்டார் ஆம்பிலும் இதே நம்பர்கள்தான். சொருகிப் பார்க்கலாமா? வெடித்துவிடுமா? ஒரு 6எல்6இன் உச்சியில் மட்டும் கண்ணாடி வெள்ளை வெளேரென்று இருக்கிறது.

பதில்: வெடிக்காது. ஆனால் அந்த வெள்ளைத் தலைக்காரரை இப்போதே குப்பையில் போடுங்கள். வால்வுக்குள் மிஞ்சியிருக்கும் வாயுவை உறிஞ்சிக்கொள்ள, கண்ணாடியின் உட்புறம் பேரியம் படிய வைத்திருப்பார்கள். வெள்ளி மாதிரி மினுங்கும். எங்கோ மயிரிழை விரிசல் விட்டு வெளிக்காற்று புகுந்தால் அது வெளுத்துப்போகும். அதற்கு வைத்தியம் கிடையாது. ஓரத்தில் பழுப்போ கறுப்போ தட்டியிருந்தால் பரவாயில்லை.

12ஏஎக்ஸ்7 நாலையும் பற்றி ரொம்ப யோசிக்காதீர்கள். அதில் ஓடுவது ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர்தான். பிளேட்டுக்கு (வால்வுக்குள் கரண்ட்டை வாங்கும் தகடு) முன்னால் பெரும்பாலும் ஒரு லட்சம் ஓம் ரெசிஸ்டர் காவல் நிற்கிறது. கெட்டிருந்தால் இரையும், விசிலடிக்கும், அவ்வளவே. ஆம்ப் ஓடும்போது பென்சிலின் ரப்பர் முனையால் மெல்லத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் டிங்கென்று பலமாகக் கேட்டால் அதை கிட்டார் சிக்னல் முதலில் நுழையும் சாக்கெட்டில் போட வேண்டாம்.

என் கவலையெல்லாம் மிச்சமுள்ள 6எல்6உம் 5யு4உம்தான். 6எல்6 ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வு; 5யு4 ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர். பவர் வால்வு உள்ளே ஷார்ட் ஆனால் ஃப்யூஸ் போவதற்குள் ஸ்கிரீன் ரெசிஸ்டர் கருகும். நேரம் சரியில்லை என்றால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் சேர்ந்து போகும். ரெக்டிஃபையர் ஷார்ட் ஆனால் ஏசி நேரே ஃபில்டர் கெபாசிட்டர்களுக்குள் பாயும். வால்வு போனால் வேறு வால்வு. டிரான்ஸ்பார்மர் போனால் அழுவீர்கள்.

ஆகவே முதலில் வால்வைக் கையில் வைத்து மல்டிமீட்டரை ஓமில் போடுங்கள். 6எல்6ஐக் கவிழ்த்து, நடுக்குச்சியின் மேட்டிலிருந்து கடிகாரச் சுற்றாகக் கால்களை எண்ணுங்கள். 2க்கும் 7க்கும் நடுவே ஹீட்டர்; ஆறியிருக்கும்போது ஓர் ஓம் சுமாருக்குக் காட்டும். 3, 4, 5, 8 இவற்றில் எந்த இரண்டைத் தொட்டாலும், இவற்றிலிருந்து ஹீட்டருக்குத் தொட்டாலும், மீட்டர் அசையவே கூடாது. கண்ணாடியைச் சுண்டிக்கொண்டே பாருங்கள். தளர்ந்த கம்பி அப்போதுதான் அகப்படும். 5யு4க்கு 2-8 பிலமென்ட், 4உம் 6உம் பிளேட்டுகள். பிளேட்டிலிருந்து பிலமென்ட்டுக்கு ஒன்றும் காட்டக் கூடாது. கால்களில் கறுப்பு ஏறியிருந்தால் துடையுங்கள், மேலே அச்சடித்த நம்பரை மட்டும் தேய்த்துவிடாதீர்கள்.

சூடான பிறகே ஷார்ட் ஆகும் வால்வும் உண்டு. அதனால் முதல் முறை நேராகப் பிளக்கில் செருகாமல் சீரீஸ் பல்பு போர்டு (கரண்ட் பாதையில் தொடராக ஒரு பல்பு மாட்டிய போர்டு) வழியாகக் கொடுங்கள். 100 வாட் குண்டு பல்பு வேண்டும், எல்இடி உதவாது. ஸ்பீக்கரை மாட்டிவிட்டுத்தான் ஸ்விட்சைத் தொட வேண்டும். பல்பு முதலில் பளிச்சென்று எரிந்து பிறகு மங்கினால் சரி. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் அணைத்துவிடுங்கள்.

6எல்6க்கு ஒத்த ஜோடி தேடிக்கொண்டு, பயாஸ் (சிக்னல் இல்லாதபோது வால்வில் ஓடும் கரண்ட்டைச் சரிப்படுத்துவது) கடைசியில். பிளேட்டில் 450 வோல்ட் என்றால், பிளேட் 30 வாட் தாங்கும் வால்வுக்கு 70 சதவீதக் கணக்கில் சுமார் 47 மில்லி ஆம்பியர் வருகிறது. பழைய வால்வை நான் 35க்கு மேல் ஏற்றுவதில்லை. கேத்தோடில் (8ஆம் கால்) ஒரு ஓம் ரெசிஸ்டர் இருந்தால் அதன் மேல் தெரியும் மில்லிவோல்ட்டே மில்லி ஆம்பியர். ஒரு முறை அளந்துவிட்டு மூடிவிடாதீர்கள். அரை மணி நேரம் ஓட விடுங்கள். கரண்ட் தானாக ஏறிக்கொண்டே போனால் வால்வுக்குள் வாயு இருக்கிறது. சாம்பல் நிறப் பிளேட் சிவக்கத் தொடங்கினால் யோசிக்காமல் அணையுங்கள். கண்ணாடியை ஒட்டி நீலமாகத் தெரிவதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். அது ஒன்றும் செய்யாது. உள்ளே இரும்புகளுக்கு நடுவே ஊதாப் புகைபோல நிறைந்தால்தான் ஆபத்து.

இதற்கு ஆம்பின் உள்ளே மீட்டர் முனையை நீட்ட வேண்டியிருக்கும். அணைத்த பிறகும் கெபாசிட்டர்களில் நானூறு வோல்ட் தங்கியிருக்கலாம். அது வடிந்துவிட்டதை மீட்டரில் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. பழக்கம் இல்லையென்றால் இந்தக் கடைசிப் பகுதியை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: வால்வு டெஸ்டரில் முள் ‘நல்லது’ பக்கம் போனால் போதாதா?

பதில்: போதாது. பெரும்பாலான டெஸ்டர்கள் ஆம்பைவிட மிகக் குறைந்த வோல்ட்டில் சோதிக்கின்றன. ஷார்ட் பார்க்க நல்ல கருவி. 450 வோல்ட்டில் என்ன செய்யும் என்பதை ஆம்பில் போட்டுத்தான் அறிய வேண்டும்.

கேள்வி: 6எல்6 இல்லை. இஎல்34 உட்காருகிறதே, போடலாமா?

பதில்: உட்காருவதெல்லாம் பொருந்தாது. இஎல்34இன் ஹீட்டர் 1.5 ஆம்பியர் கேட்கும், 6எல்6 கேட்பது 0.9. 1ஆம் காலுக்கு 8உடன் இணைப்பும் வேண்டும். ஆம்ப் தயாரித்தவர் இரண்டையும் அனுமதித்து எழுதியிருந்தால் போடுங்கள், அப்போதும் பயாஸை மறுபடி வைத்தாக வேண்டும்.