கரை மண்ணுக்கு எண்பத்தைந்தாயிரம் ரூபாய் சைக்கிளா?

கேள்வி: ஒரத்தநாடு பக்கம் ஊர். ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 61. மகன் ஜெர்மனியில் எஸ்ஸன் நகரத்தில் வேலை பார்க்கிறான். போன கோடையில் அவனிடம் போய் இரண்டு மாதம் இருந்தேன். அங்கே பழைய ரயில் தடத்தையே சைக்கிள் பாதையாக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு கார் கிடையாது, ஹாரன் கிடையாது. தினமும் காலையில் ஓட்டினேன். ஊருக்கு வந்ததிலிருந்து புது ஆற்றுக் கரையில் அதேபோல ஓட்ட வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. மகன் ‘கிராவல் பைக்’ (மண், ஜல்லிப் பாதையிலும் ஓடும் சைக்கிள்) வாங்கச் சொல்லி ஆன்லைனில் ஒன்றைக் காட்டினான். விலை 85,000 ரூபாய். வீட்டில் திட்டுகிறார்கள். வாங்கலாமா?

பதில்: ஒன்று யோசித்துப் பாருங்கள் சார். எஸ்ஸனில் நீங்கள் ஓட்டியது எந்தச் சைக்கிள்? பெரும்பாலும் மகன் வீட்டில் கிடந்த சாதாரண சைக்கிளாகத்தான் இருந்திருக்கும். அதிலேயே சுகமாகப் போனீர்கள் என்றால் அந்தப் பெருமை பாதைக்குத்தான் சேரும்.

நீங்கள் இருந்த ரூர் பகுதி ஒரு காலத்தில் நிலக்கரியும் இரும்பும் புகையுமாக இருந்த இடம். எஸ்ஸனின் ஸோல்ஃபெரைன் சுரங்கம் 1986-இல் மூடப்பட்டது. 2001-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பக்கத்து டூயிஸ்பர்க்கில் 1985-இல் அணைந்த இரும்பு ஆலையை இடிக்காமல் அப்படியே பூங்காவாக்கிவிட்டார்கள். சுரங்கத்துக்கும் ஆலைக்கும் ஓடிய சரக்கு ரயில் தடங்கள் சும்மா கிடந்தன, அவைதான் சைக்கிள் பாதைகள் ஆயின. போஹும் நகரத்து உருக்காலைக்கு இரும்புத் தாது கொண்டுபோன தடம்கூட இன்று சைக்கிளுக்குத்தான். சரக்கு ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் தடத்தை மெதுவான ஏற்றமாகவே போட்டிருப்பார்கள். 61 வயதிலும் முட்டி வலிக்காமல் நீங்கள் மிதித்ததற்கு அதுவும் ஒரு காரணம். மேலே நைஸான ஜல்லிப் பொடியைப் பரப்பி உருளை ஓட்டியிருப்பார்கள். மழை பெய்தால் தண்ணீர் கீழே இறங்கிவிடும், சேறாகாது.

நம் கரையின் கதை வேறு. மேட்டூர் அணையோடு சேர்த்து 1934-இல் முடிந்தது கல்லணைக் கால்வாய், அதாவது நீங்கள் சொல்லும் புது ஆறு. நீளம் கிட்டத்தட்ட 150 கி.மீ. வெட்டிய மண்ணை இரண்டு பக்கமும் போட்டதுதான் கரை. தண்ணீரைக் கட்டுவதற்குப் போட்டார்கள், சக்கரத்துக்கு அல்ல. ஒரு மைல் செம்மண், அடுத்த மைல் டிராக்டர் டயர் பதிந்து காய்ந்த தடம், அப்புறம் கருவேல முள். கார் வராது என்று நம்பி இயர்போன் மாட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். அறுவடை மெஷின் எதிரே வந்தால் நீங்கள்தான் சரிவில் இறங்கி நிற்க வேண்டியிருக்கும்.

மழைக்காலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஐப்பசியில் ஒரு தடவை வெண்ணாற்றுக் கரையில் ஆசைப்பட்டு இறங்கினேன். இருபது அடிகூடப் போகவில்லை. களிமண் டயரில் பூரி மாவு மாதிரி ஒட்டி, முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே அடைத்து, முன் சக்கரம் சுற்றவே மாட்டேன் என்றது. சைக்கிளைச் சாய்த்துவிட்டு வேப்பங்குச்சியை உடைத்துச் சுரண்டினேன். பத்து அடி தள்ளினால் மறுபடி அடைக்கும். கடைசியில் சட்ரஸ் (மதகு) வரைக்கும் தோளில் தூக்கிக்கொண்டுதான் வந்தேன். ஏழு கிலோ கூடியிருந்த மாதிரி இருந்தது. அன்றைக்குத்தான், சைக்கிள் வாங்குகிறவன் டயர் அளவை மட்டும் பார்த்தால் போதாது, டயரைச் சுற்றி எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும் என்பது புரிந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 85,000 ரூபாய் வேண்டாம். கிராவல் பைக் என்பது கீழே வளைந்த ஹேண்டில், அகலமான டயர், டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிள். நாள் முழுக்க நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களுக்கு வளைந்த ஹேண்டில் உதவும், கையை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். காலையில் பதினைந்து கிலோமீட்டர் போய்த் திரும்புகிறவருக்கு, அதுவும் 61 வயதில் முதுகை வளைத்து, அது எதற்கு? நேர் ஹேண்டில் உள்ள ஹைப்ரிட் சைக்கிள் இருபதாயிரம், முப்பதாயிரத்தில் கிடைக்கிறது. அதில் 40 மி.மீ. டயர் போக வேண்டும், போட்ட பிறகும் இரண்டு பக்கமும் உங்கள் சுண்டுவிரல் தாராளமாக நுழைய வேண்டும். கடையில் நின்று விரலை விட்டே பாருங்கள், கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

டிஸ்க் பிரேக் கேபிளில் இழுப்பதாக இருக்கட்டும். எண்ணெயில் இயங்கும் பிரேக் நன்றாகத்தான் பிடிக்கும், ஆனால் கசிந்தால் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ ஓட வேண்டும். கேபிளை ஒரத்தநாட்டிலேயே மாற்றிவிடுவார்கள். அடுத்தது வால்வு. விலை கூடிய சைக்கிள்களில் ஒல்லியான வால்வு வரும். நம் ஊர் பஞ்சர் கடை பம்ப் அதில் உட்காராது. பித்தளையில் சின்ன அடாப்டர் ஒன்று கிடைக்கும், அதை வாங்கிச் சாவிக்கொத்தில் கோத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் காற்று இல்லாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மூன்று கடை ஏறி இறங்குவீர்கள். கருவேல முள்ளுக்கு, டியூபுக்குள் ஊற்றும் பசை திரவம் நல்ல காவல். நம் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். காற்றைக் கல் மாதிரி அடிக்காதீர்கள். உங்கள் எடை எழுபது கிலோ பக்கம் என்றால் 40 மி.மீ. டயருக்குக் காற்றழுத்தம் 35 முதல் 40 பி.எஸ்.ஐ. போதும்.

எப்போது ஓட்டலாம்? மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடும். சம்பா அறுப்பு முடிந்த பிப்ரவரி, மார்ச் காலைகள்தான் கரைக்கு அருமை. தரை காய்ந்திருக்கும், பனியும் இருக்கும். அந்தச் சமயத்தில் கிராமத்துத் தார் ரோட்டில் நெல் காயப் போட்டிருப்பார்கள், கரையில் போனால் அவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்குப் போன மீட்டர் கேஜ் ரயிலும் எண்பதுகளில்தான் நின்றது, ஸோல்ஃபெரைன் மூடிய அதே காலம். ஜெர்மனியில் நின்றுபோன தடங்களில் சைக்கிள் ஓடுகிறது. இங்கே ரயிலே திரும்ப வேண்டும் என்று மக்கள் கேட்கிறார்கள், அதுவும் நியாயம்தான்.

கேள்வி: அடுத்த ஆனியில் நானும் மனைவியும் மகளைப் பார்க்க டார்ட்மண்ட் போகிறோம். சைக்கிள் பாதைகள் பற்றி நிறையச் சொல்கிறாள். இங்கேயே வாங்கி விமானத்தில் கொண்டுபோனால் மலிவாக இருக்குமா? - திருவாரூர் வாசகர்

பதில்: இருக்காது. பெட்டி, விமானக் கூலி, பிரித்து மாட்டும் வேலை எல்லாம் சேர்ந்தால் மிச்சம் எதுவும் நிற்காது. டார்ட்மண்டும் அதே ரூர் பகுதிதான், அங்கே ‘மெட்ரோபோல்ராட் ரூர்’ என்ற பொது வாடகைச் சைக்கிள் பல நகரங்களில் இருக்கிறது. மகள் போனில் பதிந்து கொடுத்தால் எடுத்து ஓட்டலாம். போகும்போது எம்ஷர் ஆற்றையும் பார்த்துவிட்டு வாருங்கள். நூறு வருடத்துக்கு மேல் அந்த ஆறு முழுக்கத் திறந்த சாக்கடை. 2021 கடைசியில்தான் அதில் கழிவுநீர் விழுவது நின்றது.

கேள்வி: மாதக் கடைசியில் 28,500 ரூபாய்க்கு சைக்கிள் வாங்கினேன். நான்காம் நாள் இடது பெடல் கழன்று விழுந்தது, மரையே தேய்ந்துவிட்டது. கடையில் ‘நீங்கள் தப்பாக மிதித்தீர்கள், வாரண்டி கிடையாது’ என்கிறார்கள். பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்திருக்கிறது. - கும்பகோணம் வாசகி

பதில்: மிதிப்பதில் தப்பு எதுவும் இல்லை, அம்மா. இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றுவது. அவசரத்தில் வலது பெடலைப் போலவே திருகினால் கோணலாக ஏறி, பெடலை மாட்டும் தண்டான கிராங்க்கின் மரையைத் தின்றுவிடும். என் முதல் கியர் சைக்கிளுக்கும் ஒரு கடையில் இப்படித்தான் செய்தார்கள், அப்போது பில்லே வாங்காததால் வாயை மூடிக்கொண்டு கிராங்க்கை மாற்றினேன். உங்களிடம் பில் இருக்கிறது, வாங்கி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. பெடல் கழன்ற இடத்தை, மரை தெரியும்படி கிட்டத்தில் போட்டோ எடுங்கள். மரைச் சுருளில் ஒரு பக்கம் மட்டும் நசுங்கியிருப்பது அதில் தெரியும்.

அந்த அச்சு வாசகத்துக்குப் பயப்பட வேண்டாம். பழுதான பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. முதலில் கடைக்கு எழுத்தில் கொடுங்கள், வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள், இந்த மாதிரிச் சின்ன விஷயங்கள் பல அங்கேயே முடிந்துவிடுகின்றன. முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் ஊருக்கான ஆணையத்திலேயே கொடுக்கலாம். ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை, இரண்டு வருடம் அவகாசம் உண்டு.

பில் கையில் இருக்கும்போதே இன்னொன்றும் பார்த்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது. அந்தத் தேதிக்குப் பிறகு வாங்கிய பில்லில் இன்னும் 12 போட்டிருந்தால், பெடலோடு சேர்த்து அந்தக் கணக்கையும் கடையில் கேட்கலாம்.