சிங்கப்பூரில் முதன்முறையாகக் குதிரை வாங்குகிறேன். தீனியும் பராமரிப்பும் எப்படி?

பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரை ஒன்றை அடுத்த மாதம் உங்கள் பெயருக்கு மாற்றப் போகிறீர்கள், எடை 500 கிலோ, சவாரி ஓரளவு தெரியும், ஆனால் குதிரை வைத்திருந்து பழக்கமில்லை, தினமும் எவ்வளவு தீனி கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். எவ்வளவு என்பதற்கு முன்னால் எதை, எத்தனை தடவை என்று கேட்கவேண்டும். இதை நான் என் குதிரையை ஏறக்குறைய சாகடித்துத்தான் கற்றுக்கொண்டேன்.

என் அப்பா புக்கிட் தீமா குதிரைப் பந்தயத் திடலில் சைஸாக, அதாவது குதிரைகளைப் பார்த்துக்கொள்பவராக இருந்தவர். 1999இல் திடல் கிராஞ்சிக்கு மாறியபோது அவரும் கூடவே போனார், சில வருடங்களில் ஓய்வு பெற்றார். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். குதிரை வாசனையோடு வளர்ந்தேனே தவிர, லாயத்தில் ஒரு நாள்கூட வேலை செய்ததில்லை. ஆறு வருடத்துக்கு முன் முத்து என்னிடம் வந்தது. நியூசிலாந்தில் பிறந்த பழுப்புக் குதிரை, பந்தயத்தில் பெரிதாக எதையும் கிழிக்கவில்லை. பந்தயக் கிளப்பில் அதற்கு நீளமாக ஏதோ ஒரு பெயர் இருந்தது. முத்து என்று வைத்தது அப்பா.

வந்த மூன்றாவது வாரம் பெரியப்பா பார்க்க வந்தார். "குதிரைக்குக் கொள்ளு போடலையாம்மா? அப்புறம் எப்படித் தேறும்?" என்றார். எனக்கும் நியாயமாகப் பட்டது. தேக்கா சந்தையில் மூன்று கிலோ வாங்கி, இரண்டு கிலோவை இரவெல்லாம் ஊறவைத்து, மறுநாள் மாலை அப்படியே வாளியில் கொட்டினேன். முத்து வாளியின் அடிவரை நக்கியது. எனக்கு ஒரே பெருமை.

அன்றிரவு பத்து மணிக்கு லாயத்திலிருந்து போன். முத்து திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்க்கிறது, முன்னங்காலால் தரையைப் பறிக்கிறது, படுக்கிறது, எழுகிறது, உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டுகிறது என்றார்கள். கோலிக். வயிற்றுவலி என்று சாதாரணமாகத் தமிழில் சொல்லிவிடலாம், ஆனால் குதிரைக்கு உயிர் போகும் வலி. மருத்துவர் வந்து மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விட்டார். ஏனென்றால் குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உணவுக்குழாய் வயிற்றில் சேரும் இடத்தில் உள்ள தசை ஒருவழிக் கதவு மாதிரி, உள்ளே போனது திரும்பி வராது. விடிகாலை நாலு மணிக்கு நாலைந்து உருண்டை லத்தி விழுந்தது. குடல் அசைய ஆரம்பித்துவிட்டது என்று அப்பா அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். மீந்த ஒரு கிலோவில் அம்மா ரசம் வைத்தார், எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

கொள்ளின் மேல் பழி போடவில்லை. ஊரில் அதை வேகவைத்து, கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கி, நாள் முழுக்க வண்டி இழுக்கும் குதிரைக்குத்தான் போட்டார்கள். வாரத்தில் நாலு நாள் ஒரு மணி நேரம் சவாரி போகும் நம் குதிரைக்கு அவ்வளவு சத்து தேவையே இல்லை. அதிலும் பழகாத வயிற்றில் பச்சையாக, ஒரே வேளையில் கொட்டினால் அந்த வயிறு என்ன செய்யும்?

அந்த வயிற்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இவ்வளவு பெரிய உடம்புக்கு இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான் பிடிக்கும். அதில் அமிலம் இரவும் பகலும் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தணிப்பது எச்சில். குதிரைக்கு எச்சில் ஊறுவது மெல்லும்போது மட்டும்தான். ஆகவே வாய் மணிக்கணக்கில் சும்மா இருந்தால் வயிற்றில் புண் வரும். பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றுப்புண் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் குதிரைக்கும் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டே ஆரம்பியுங்கள். நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் எல்லாம் பின்னால் பெருங்குடலில் இருக்கின்றன. தானியம் அளவுக்கு மீறினால் மாவுச்சத்து செரிக்காமல் அங்கே போய்ப் புளித்து வாயு கட்டும். சில சமயம் குளம்புக்குள் அழற்சி வந்து குதிரை நடக்கவே முடியாமல் போகும்.

சரி, கணக்குக்கு வருகிறேன். உடல் எடையில் 2 சதவீதம் காய்ந்த புல், அதாவது உங்கள் குதிரைக்கு நாளைக்குப் பத்து கிலோ. எடை குறைக்கவேண்டிய குதிரையாக இருந்தாலும், மருத்துவர் சொல்லாமல் 1.5 சதவீதத்துக்குக் கீழே, ஏழரை கிலோவுக்குக் கீழே போகாதீர்கள். கண்ணளவு வேண்டாம். பயணப்பெட்டி நிறுக்கக் கையில் தொங்கவிடும் தராசு போதும், புல்வலையை அதில் மாட்டி நிறுத்துவிடலாம். நான் முதல் மாதம் "ரெண்டு கட்டு" என்று கொடுத்தது உண்மையில் ஆறு கிலோகூட இல்லை. மெலிகிறதே, மெலிகிறதே என்று தானியத்தை ஏற்றிக்கொண்டே போனேன். அந்தக் கவலையில் இருந்தபோதுதான் பெரியப்பாவின் யோசனை வந்து சேர்ந்தது.

காய்ந்த புல் என்றால் வைக்கோல் இல்லை. நம் ஆட்கள் பலருக்கு இந்தக் குழப்பம் உண்டு. வைக்கோல் நெல்லை எடுத்துவிட்ட தாள், சத்து மிகக் குறைவு. லாயத்தில் 'ஹே' என்பது சத்து இருக்கும்போதே அறுத்துக் காயவைத்த புல். இங்கே அதெல்லாம் கப்பலில்தான் வருகிறது. திமோத்தி புல்லை முக்கியத் தீனியாக வைத்துக்கொள்ளுங்கள். லூசர்ன் என்று பச்சை மணக்க ஒன்று கொடுப்பார்கள், நம் ஊர்க் குதிரைமசால்தான் அது. புரதமும் கால்சியமும் அதிகம், வயிற்று அமிலத்தையும் தணிக்கும். ஒன்றிரண்டு கிலோ போதும், வயிறு நிறைய அதையே போட்டால் குதிரை துள்ளும், எடையும் கூடும். கட்டைப் பிரித்ததும் முகர்ந்து பாருங்கள். இந்த ஈரக்காற்றில் பூசணம் பிடிக்க நாலு நாள் போதும். புழுங்கிய வாசனையோ வெள்ளைத் தூசியோ இருந்தால், விலையைப் பார்க்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள். புல்வெளியில் இயந்திரம் வெட்டிக் குவித்த பச்சைப் புல்லையும் கொடுக்காதீர்கள், குவியலிலேயே புளித்துப்போயிருக்கும்.

நிலம் குறைவான ஊர் இது. நம் குதிரைகளுக்கு நாள் முழுக்க மேய இடம் கிடையாது, பெரும்பாலும் கொட்டடியில்தான் நிற்கின்றன. அதனால் அந்தப் பத்து கிலோவைச் சின்னக் கண்ணிகள் உள்ள வலையில் போட்டு, நாலு வேளையாகப் பிரித்து, இரவுக்குப் பெரிய பங்கை விடுங்கள். மாலை ஆறு மணிக்குத் தின்று முடித்துக் காலை ஆறு வரை சும்மா நிற்கும் குதிரைதான் மரத்தைக் கடிக்கும், தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்துக் கொட்டடியில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இன்னொரு குதிரையும் இருக்கவேண்டும். தனியாக இருப்பது அதற்குத் தண்டனை.

பெல்லட் என்கிற அழுத்திய குச்சித் தீனி, ஓட்ஸ் எல்லாம் இதற்கு மேல்தான். தேவைப்பட்டால் மட்டும், ஒரு வேளைக்கு இரண்டு கிலோவைத் தாண்டாமல். டப்பாக் கணக்கும் ஏமாற்றும், ஒரே டப்பாவில் ஓட்ஸ் ஒரு எடை, பெல்லட் வேறு எடை. எந்தத் தீனியை மாற்றினாலும் பத்து நாளாவது எடுத்துக்கொண்டு பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். புல்லுக்கும் இதே விதி. புதுக் கப்பல் சரக்கு வரும்போது பழைய கட்டு ஒன்றிரண்டு கையிருப்பில் இருக்கட்டும்.

தண்ணீர் நாளைக்கு 25 முதல் 40 லிட்டர், வேலை செய்த நாளில் இன்னும் கூடும். தானாக நிரம்பும் தொட்டி வசதிதான், ஆனால் எவ்வளவு குடித்தது என்று தெரியாது. முதல் இரண்டு மாதம் வாளியில் வையுங்கள். உப்பு இரண்டு மேசைக்கரண்டி, சாதாரணச் சமையல் உப்பே போதும், தீனியில் கலந்துவிடுங்கள். நக்கும் உப்புக்கட்டியையும் தொங்கவிடலாம், ஆனால் எல்லாக் குதிரையும் போதிய அளவு நக்காது. குதிரை வியர்வை நம்முடையதைவிட உப்பு அதிகமானது. நாம் கொஞ்சம் விட்டால் அது நிறைய இழக்கும்.

வியர்வை என்றதும் இந்த ஊருக்கே உரிய ஒரு விஷயம் நினைவுக்கு வருகிறது. குளிர்ப் பிரதேசத்திலிருந்து வந்த சில குதிரைகள் நம் வெக்கையில் சில மாதங்களிலோ வருடங்களிலோ வியர்ப்பதையே நிறுத்திவிடும். லாயத்தில் 'டிரை கோட்' என்பார்கள். சவாரி முடிந்து மற்றக் குதிரைகள் நனைந்து நிற்க, உங்களுடையது காய்ந்து, மூக்கு விரிந்து, நாய் மாதிரி இரைத்தால் சந்தேகப்படுங்கள். உறுதியான மருந்து கிடையாது. விசிறி, நிழல், விடிகாலைச் சவாரி, மேலே தண்ணீர், இவ்வளவுதான் வழி. நல்ல குதிரைக்கும் காலை ஒன்பது மணிக்கு மேல் கடுமையான வேலை வேண்டாம். இறங்கியதும் குழாயைப் பிடித்து உடம்பு முழுக்கத் தண்ணீர் விடுங்கள், மூச்சு அடங்கும்வரை விட்டுக்கொண்டே இருங்கள். சூடான குதிரைக்குப் பச்சைத்தண்ணீர் ஆகாது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், என் அப்பாவும் சொல்வார். இந்த ஒன்றில் மட்டும் நான் அவர் பேச்சைக் கேட்பதில்லை.

குளம்புக்குக் காலையும் மாலையும் ஐந்து நிமிடம். குதிரை நிற்பது ஒரே ஒரு விரலின் நகத்தில் என்று நினைத்துக்கொண்டால் அக்கறை தானாக வரும். அடியில் முக்கோணமாக ரப்பர் போல இருக்கும் பகுதியின் ஓரங்களில் ஈரமும் லத்தியும் தங்கினால் கறுத்து, அழுகி, தாங்கமுடியாத நாற்றம் வரும். மழைக்காலத்தில் எல்லா லாயத்திலும் இதுதான் கதை. கொக்கியால் சுரண்டி, காயவிட்டு, படுக்கையின் மரச்சீவலை உலர்வாக வைத்தால் போதும். லாடக்காரர் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வரவேண்டும். லாடம் கழன்று விழட்டும், அப்புறம் கூப்பிடலாம் என்று காத்திருக்கக் கூடாது.

பல் வருடத்துக்கு ஒருமுறை ராவவேண்டும். மென்ற புல்லை உருண்டையாகத் துப்பினால் உடனே. தடுப்பூசியும் பூச்சி மருந்தும் மருத்துவர் சொல்கிறபடி. பூச்சி மருந்தை மாதாமாதம் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்காமல், லத்தியைச் சோதித்துப் பார்த்துக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அப்பா முத்துவைப் பார்க்க வந்தால் முதலில் அதன் முகத்தைப் பார்க்கமாட்டார். "லத்தியப் பாரும்மா முதல்ல. அப்புறம் வாளியப் பாரு. அதுக்கப்புறம்தான் குதிரை" என்பார். ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை போடும். எண்ணிக்கை குறைந்தாலோ, உருண்டை சிறுத்துக் காய்ந்திருந்தாலோ, வலி தொடங்கும் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். நன்றாக இருக்கும் நாளிலேயே அதன் கணக்கை எழுதி வையுங்கள்: ஓய்வில் நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி. நாடியைத் தாடை எலும்பின் உள்பக்கம் விரல் வைத்துப் பார்க்கலாம். கோலிக் என்று தோன்றினால் தீனியை எடுத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் சொல்லாமல் வலி மருந்து கொடுக்காதீர்கள், வலி மறைந்தால் நோயும் மறைந்த மாதிரி தெரியும். புரளப் பார்த்தால் மெதுவாக நடத்தலாம், ஆனால் மணிக்கணக்கில் நடத்திக் களைக்க வைக்கவேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்று, பணம். 2024 அக்டோபர் 5இல் கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் ஓடிய பிறகு, குதிரை சும்மாவே கிடைக்கும் என்கிற பேச்சை நானும் நிறையக் கேட்டேன். குதிரை சும்மா கிடைக்கலாம், லாய வாடகை சும்மா கிடைக்காது. வீவக அடுக்குமாடி வீட்டின் கீழே கட்டிப்போட முடியாது, ஆகவே லாயத்தில் இடம் உறுதியான பிறகுதான் கையெழுத்து. யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, மாதாமாதம் அதுதான். மருத்துவர் நள்ளிரவில் வந்தால் அந்த மாதச் சம்பளத்தை மறந்துவிடவேண்டும். இந்தக் குதிரைகள் இருபத்தைந்து வயதுக்கு மேலும் இருக்கும். உங்களுடையதற்கு இப்போது எட்டு வயது என்றால், உங்கள் பிள்ளை தேசிய சேவை முடித்து வரும்போதும் அது புல் கேட்டுக் கனைத்துக்கொண்டிருக்கும்.

அதனால் முடிந்தால் அடுத்த மாதக் கையெழுத்தைத் தள்ளிப்போட்டு, அதே குதிரையை ஆறு மாதம் குத்தகைக்குக் கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். இப்போது என்ன தீனி, எந்தப் புல், எத்தனை மணிக்கு என்பதை லாயத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாதீர்கள். வீட்டிலிருந்து பார்க்க வருகிறவர்கள் ஏதாவது கொடுத்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தால் ஒரு கேரட். வட்டமாக நறுக்கினால் தொண்டையில் அடைக்கும், நீளவாக்கில் நறுக்கிக் கொடுங்கள். என் பெரியப்பா இப்போதெல்லாம் அதைத்தான் கொண்டுவருகிறார்.