கைகட்டி நிற்கும் உலகம் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

சூடானில் எலும்பும் தோலுமாகக் கிடக்கும் குழந்தைகளின் படங்கள் ஒவ்வோர் இரவும் என் கைபேசியில் வந்துகொண்டே இருக்கின்றன. முதல் படத்தைப் பார்த்து அழுதேன். இப்போதெல்லாம் விரலால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறேன். எனக்குள் இரக்கம் வற்றிவிட்டதா? உலகமே கைகட்டி வேடிக்கை பார்க்கும்போது, எதையும் தடுக்க முடியாத ஐ.நா. எதற்கு, கலைத்துவிட்டால் என்ன? உதவிப் பணம் ஆயுதக் குழுக்களின் கைக்குத்தான் போகிறது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இவை பற்றி நீங்கள் எழுத வேண்டும்.

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்த அன்று மேசை இழுப்பறையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். அடியில் ஒரு மெல்லிய நாடா கிடைத்தது. அகதி முகாம்களில் பணியாற்றிய மருத்துவ நண்பர் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் கொடுத்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் மேற்கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், அதைச் சுற்றி அளப்பார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறங்கள். சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு, அதாவது உடனே சிகிச்சை தொடங்காவிட்டால் உயிருக்கே ஆபத்தான நிலை. நண்பர் நாடாவை அந்தச் சிவப்புக் கோட்டில் வளையமாக்கி என் விரல்களை நுழைக்கச் சொன்னார். இரண்டு விரல்கள் எளிதாகப் போயின. மூன்றாவதை நெருக்கித்தான் செருக முடிந்தது. “இதுதான் கை” என்றார். நான் உலகத்தின் மனசாட்சி என்கிற ரீதியில் ஏதோ பேசத் தொடங்கவும், அவர் நாடாவை என் சட்டைப்பையில் திணித்துவிட்டு எழுந்து போய்விட்டார். அந்தக் கோபம் எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று. இன்று அதே கோபம் உங்கள்மீது வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐ.நா.வைக் கலைப்பதைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை. கலைத்த மறுநாள் அந்த நாடாவை எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போவது யார் என்று சொல்லுங்கள், பிறகு பேசுவோம். உதவியில் ஒரு பங்கு களவு போவது உண்மைதான். அதைச் சொல்லிக்கொண்டு ஒன்றும் கொடுக்காமல் இருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் நண்பர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லர் என்று நம்புகிறேன்.

என்னால் விட முடியாதது, உலகம் கைகட்டி நிற்கிறது என்ற உங்கள் வாக்கியம்தான். உலகம் என்ற பெயரில் ஒருவர் எங்கும் உட்கார்ந்திருக்கவில்லை. 1994 ஜனவரி 11 அன்று, ருவாண்டாவில் ஐ.நா. படைக்குத் தலைமை தாங்கிய ரோமியோ டலேர், அந்நாட்டின் சிறுபான்மை இனமான துத்சி மக்களைக் கொல்வதற்காக ஆயுதங்கள் பதுக்கப்படுவதாக நியூயார்க்குக்குத் தகவல் அனுப்பி, அவற்றைக் கைப்பற்றப் போவதாகத் தெரிவித்தார்; கூடாது என்று பதில் வந்தது. ஏப்ரலில் கொலைகள் தொடங்கிய இரண்டு வாரங்களில், ஏறத்தாழ 2,500 பேர் இருந்த அந்தப் படையை 270 பேராகக் குறைக்கப் பாதுகாப்புச் சபை ஏப்ரல் 21 அன்று ஒருமனதாக வாக்களித்தது. ஒருமனதாக என்பதைக் கவனியுங்கள்: கொலைகளை நடத்திக்கொண்டிருந்த அரசின் பிரதிநிதிக்கும் அந்த ஆண்டு அச்சபையில் ஓர் இருக்கை இருந்தது. நூறு நாட்களில் ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் மாண்டார்கள். அங்கே யாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை, ஐயா. கையைத் தூக்கினார்கள்.

இதைக் கேட்டால் அது பழைய கதை என்பார்கள். சோமாலியாவுக்கு வருவோம். மழை பொய்க்கும், பயிர் கருகும் என்ற எச்சரிக்கைகள் 2010இன் பிற்பகுதியிலேயே வந்துவிட்டன. தெற்குப் பகுதியின் பெரும்பாலான இடங்களை ஆண்ட அல்-ஷபாப் என்ற தீவிரவாத ஆயுதக் குழு பல உதவி அமைப்புகளை உள்ளே விடவில்லை. பணம் தர வேண்டிய நாடுகளோ தங்கள் பயங்கரவாதத் தடைச் சட்டங்களைக் காட்டித் தயங்கின. பஞ்சம் என்று அறிவிக்கப்பட்டது 2011 ஜூலை 20 அன்று. அந்தச் சொல்லைப் பயன்படுத்த ஓர் அளவுகோல் உண்டு: ஐந்தில் ஒரு குடும்பம் ஏறத்தாழ உணவே இல்லாத நிலைக்கு வந்திருக்க வேண்டும், குழந்தைகளில் 30 விழுக்காட்டினர் கடுமையாக மெலிந்திருக்க வேண்டும், பத்தாயிரம் பேரில் நாளொன்றுக்கு இரண்டு பேர் செத்துக்கொண்டிருக்க வேண்டும். பிணங்கள் விழத் தொடங்கிய பிறகுதான் அந்தச் சொல் கிடைக்கும் என்பது பொருள். கிடைத்தாலும் அது எந்த அரசையும் சட்டப்படி எதற்கும் கட்டாயப்படுத்தாது. பின்னர் எடுத்த கணக்கின்படி இறந்தவர்கள் ஏறத்தாழ 2,58,000 பேர், அவர்களில் பாதிக்கு மேல் ஐந்து வயது நிரம்பாதவர்கள். அறிவிப்பு வந்த நாளில், இறந்த எல்லோரிலும் ஏறத்தாழ பாதிப்பேர் ஏற்கெனவே மண்ணுக்குள் இருந்தார்கள். அதே சோமாலியாவில் 2017இல் மீண்டும் மழை பொய்த்தபோது, அறிவிப்புக்குக் காத்திராமல் ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே பணமும் உணவும் போய்ச் சேர்ந்தன, 2011 திரும்பவில்லை. இவ்விரண்டு ஆண்டுகளுக்கு இடையே மனித இனத்தின் இரக்கம் பெருகிவிட்டது என்றா நினைக்கிறீர்கள்? சில மேசைகளில் சில கையெழுத்துகள் சில மாதங்கள் முன்னதாக விழுந்தன, அவ்வளவுதான்.

நீங்கள் எழுதிய சூடானிலும் இதே கதைதான். மேற்குச் சூடானின் டார்ஃபூர் பகுதியில், அரசுப் படையோடு போரிடும் ஆர்.எஸ்.எஃப். என்ற துணை ராணுவப் படை எல் ஃபாஷர் நகரத்தைச் சுற்றி நடத்திய முற்றுகையை நிறுத்தும்படி பாதுகாப்புச் சபை 2024 ஜூனில் தீர்மானம் இயற்றியது. அந்நகரத்தை ஒட்டிய, போரால் இடம்பெயர்ந்தோர் தங்கிய ஜம்ஜம் முகாமில் பஞ்சம் என்று ஆகஸ்டில் உறுதியாயிற்று. போரை நிறுத்தி மக்களைக் காக்கக் கோரிய ஒரு வரைவுத் தீர்மானத்துக்கு நவம்பர் 18 அன்று 14 நாடுகள் ஆதரவாகக் கை தூக்கின; ரஷ்யா தன் வீட்டோவால் அதை வீழ்த்தியது. முற்றுகையோ நிற்கவே இல்லை. 2025 அக்டோபரில் நகரம் முற்றுகையிட்டவர்களிடம் வீழ்ந்தது. தீர்மானம் இயற்றிய நாடுகளில் எவை முற்றுகையாளர்களுக்கு ஆயுதம் போகும் வழிகளை அடைக்க என்ன செய்தன என்று கேட்க வேண்டிய நேரத்தில், நீங்கள் உலகத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். உலகத்துக்கு அதனால் ஒரு கஷ்டமும் இல்லை.

படங்களைத் தள்ளிவிடுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். தாராளமாகத் தள்ளிவிடுங்கள். ஒவ்வோர் இரவும் அழுகிற மனிதரால் காலையில் வேலைக்குப் போக முடியாது. உங்கள் மனம் கல்லாகிவிடவில்லை. கல்லாகியிருந்தால் இந்தக் கடிதம் வந்திராது. ஆனால் எனக்கு எழுதியதில் பாதி நீளத்துக்கு, நீங்கள் வாக்களித்த நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதியிருக்கிறீர்களா? சூடானைப் பற்றி நம் அரசு எந்த அவையில் என்ன சொன்னது, எவ்வளவு கொடுத்தது என்று கேட்டு? கேட்பதற்கு எனக்கும் தகுதி குறைவுதான். இத்தனை காலம் எழுதாதிருந்துவிட்டு, உங்கள் கடிதம் வந்த மறுநாள்தான் முதன்முதலாக எழுதினேன். நாடாவைச் சிவப்புக் கோட்டில் வளையமாக ஒட்டி உறைக்குள் வைத்து அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.