ஸ்டூடியோக்காரர் பதில்கள்: கையை எங்கே வைப்பது?

கும்பகோணத்தில் அப்பா தொடங்கிய ஸ்டூடியோவை 1986 முதல் நான் நடத்திவருகிறேன். இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குடும்பப் படம் பற்றியவை. மற்றவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது. பிறந்தநாளன்று ஸ்டூடியோவுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஒரு மணி நேரம் ஒரே அழுகை. கடைசியில் எடுத்த படத்தில் நாங்கள் இருவரும் பல்லைக் காட்டுகிறோம், அவன் வாயைப் பிளந்து அலறுகிறான். மறுபடி போகலாமா, இன்னும் ஒரு வருஷம் பொறுக்கலாமா?
- ஒரு தாய், தேனி

பதில்: முதலில் அந்தப் படத்தை அழித்துவிடாதீர்கள் அம்மா. கல்யாணத்துக்குப் பழைய படங்களைப் பெரிது பண்ண என்னிடம் வருகிற பிள்ளைகள், தாங்கள் அழுகிற படத்தைத்தான் தேடி எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

மறுபடி போங்கள். பிறந்தநாளன்று மட்டும் வேண்டாம். புதுச் சட்டையின் ஜரிகை கழுத்தை அறுக்கும். காலையிலிருந்து பத்துப் பேர் கன்னத்தைக் கிள்ளியிருப்பார்கள். குழந்தைப் படம் என்று யார் போன் செய்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, "மதியம் எத்தனை மணிக்குத் தூங்குவான்?" என்பதுதான். தூங்கி எழுந்து, வயிறு நிறைந்து, நாலைந்து தடவை துவைத்து மெத்தென்று ஆன சட்டையோடு வரச் சொல்வேன்.

வந்ததும் பத்து நிமிஷம் கேமராவைத் தொடமாட்டேன். தரையில் உட்கார்ந்து சாவிக்கொத்தை உருட்டுவேன். அவன் அம்மாவின் முந்தானைக்குள்ளிருந்து ஒரு கண்ணால் பார்ப்பான். அப்புறம் இரண்டு கண்ணாலும். சாவியை எடுக்க அவன் இறங்கி வரும்போது கேமராவும் தரைக்கு இறங்கியிருக்க வேண்டும். பெரியவர்கள் நின்றபடி குழந்தையை எடுத்தால் தலை பெருத்து, கால் சூம்பித் தெரியும்.

அப்பா காலத்தில் யாஷிகா மேட் கேமரா. 120 என்கிற பிலிம் ரோலில் சதுரம் சதுரமாக 12 படம் வரும். ஒரு குடும்பத்துக்கு இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று. ஆகவே பிஞ்சு வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துப் பொறுக்குகிற மாதிரி, நேரம் பார்த்துத்தான் அமுக்குவார். கேமராவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை வைத்திருப்பார். குழந்தை சிணுங்க ஆரம்பித்தால் இடது கை விரலால் பொம்மையை ஒரு சுண்டு. அது தலையை ஆட்டும், குழந்தை அழுகையைப் பாதியில் நிறுத்தி அதைப் பார்க்கும். வலது கை அமுக்கிவிடும். அந்த பொம்மை மூக்கு உடைந்து இன்னும் என்னிடம் இருக்கிறது.

குழந்தை அசையவே கூடாது என்றிருந்த காலமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஒரு படம் பதிய பல நொடிகள் ஆகும். அதனால் குழந்தையை மடியில் இறுக்கிப் பிடித்திருக்கும் தாயின் மேல் துணியைப் போர்த்தி, அவளை நாற்காலி மாதிரி ஆக்கிவிடுவார்கள். அப்படிப்பட்ட படங்கள் நிறைய மிஞ்சியிருக்கின்றன. சிலவற்றில் துணிக்கு வெளியே ஒரு கை மட்டும் தெரியும். என் கண் முதலில் அந்தக் கையில்தான் போய் நிற்கும். இன்று ஒரு நொடியில் 500இல் ஒரு பங்கு நேரத்தில் படம் பதிந்துவிடும், ஓடுகிற பிள்ளையையே நிறுத்திவிடலாம். நீங்கள் தாராளமாக வெளியே தெரியலாம்.

இன்னொன்று. "சிரி, சிரி" என்று யாரும் சொல்லக் கூடாது. பாட்டி ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம் கைதட்டினால் அவன் எதைப் பார்ப்பான்? கூப்பிடுகிற ஆள் ஒருவர்தான், அவரும் கேமராவுக்குப் பின்னால். மற்றவர்களை நான் டீக்கடைக்கு அனுப்பிவிடுவேன்.

கேள்வி: அடுத்த மாதம் மறுபடி சவூதிக்குக் கிளம்புகிறேன். அப்பாவுக்கு 74 வயது. நாங்கள் இருவர் மட்டும் இருக்கிற படம் ஒன்றுகூட இல்லை. எடுக்கலாம் என்றால் பாஸ்போர்ட் ஆபீஸில் நிற்கிற மாதிரி விறைத்துக்கொள்கிறார். தோளில் கை போட எனக்கும் கூச்சமாக இருக்கிறது.
- ஒரு மகன், பட்டுக்கோட்டை

பதில்: போடாதீர்கள் தம்பி. இத்தனை வருஷம் போடாத கை திடீரென்று தோளில் விழுந்தால் அவர் இன்னும் விறைப்பார், படத்தில் அது பட்டவர்த்தனமாகத் தெரியும். நம் ஊரில் அப்பாவும் வளர்ந்த மகனும் தொட்டுக்கொள்வது ஆஸ்பத்திரியிலும் ஏர்போர்ட்டிலும்தான்.

இது உங்கள் அப்பாவின் குறை இல்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் எடுத்த பழைய குடும்பப் படங்களைத் திரட்டி, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு டிஜிட்டலாக்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துப் படங்களைப் பாருங்கள். அப்பா நாற்காலியில், இரண்டு கையும் முழங்காலில். பிள்ளைகள் உயர வரிசையில். எங்கள் கடை நெகட்டிவ் பெட்டியிலும் அதே கதைதான். மடியில் கைக்குழந்தை இருந்தால் மட்டும் அப்பாவின் கைக்கு ஒரு வேலை கிடைத்திருக்கும், முகமும் கொஞ்சம் இளகியிருக்கும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் தொழில் கற்றேன். ஆட்களை நிறுத்தியதும் முதலில் கையைப் பார்ப்பேன், முகம் அப்புறம்.

2011இல் பாபநாசம் பக்கமிருந்து ஓர் அப்பாவும் மகனும் வந்தார்கள். பையன் சிங்கப்பூர் போகிறான். அப்பா டாக்டர் முன்னால் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். ஆறேழு படம் எடுத்தேன், ஒன்றும் தேறவில்லை. பையனிடம் வாட்சைக் கழற்றச் சொல்லி, "ஐயா, லைட் அடிக்கிறது, இதை இடது கையில மாத்திக் கட்டிவிடுங்க" என்றேன். லைட்டாவது அடிப்பதாவது, சும்மா சொன்னதுதான். அவர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, மகனின் மணிக்கட்டைப் பிடித்து, வாரில் ஓட்டை தேடினார். கடைசி ஓட்டையிலும் வாட்ச் தொளதொளத்தது. "என்னடா, எலும்பும் தோலுமா இருக்க" என்றார். பையன் சிரித்தான். அந்த ஒரு படம்தான் அவர்கள் வீட்டில் மாட்டியிருக்கிறது.

உங்கள் ஊர் தென்னை ஊர். 2018 கஜா புயலில் விழாத தோப்பு அங்கே அபூர்வம். அதற்குப் பிறகு அப்பா வைத்த கன்று ஏதாவது இருந்தால் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவரை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். போனைத் தங்கையிடமோ மனைவியிடமோ கொடுத்து, பத்தடி தள்ளி நின்று சொல்லாமல் எடுக்கச் சொல்லுங்கள். எத்தனை வைத்தார், எத்தனை பிழைத்தது, எது காய்க்கிறது என்று கேளுங்கள். கை தானாக எழும். பேச்சு சூட்டில் உங்கள் முழங்கையைப் பிடித்து இழுத்து, "இதைப் பாரு" என்று காட்டினாலும் காட்டுவார். வேட்டியை மாற்றச் சொல்லாதீர்கள்.

கேள்வி: நான், கணவர், மகள் மூவரும் ஒரு படம் எடுக்க ஆசை. மூன்று பேராக எடுத்தால் ஆகாது என்கிறார் மாமியார்.
- வாசகி, விருத்தாசலம்

பதில்: மாமியாரையும் கூப்பிட்டு நடுவில் உட்கார வையுங்கள். அவர் சொல்லவருவது அதுவாகவும் இருக்கலாம். வரமாட்டேன் என்றால் எங்கள் அப்பா செய்ததைச் செய்யுங்கள். மூன்று பேர் வந்தால் அந்தத் தலையாட்டி பொம்மையைக் குழந்தை கையில் கொடுத்துவிட்டு, "இப்போ நாலு" என்பார்.

கேள்வி: வீட்டில் போனில் எடுக்கும் படங்களில் முகம் மஞ்சளடிக்கிறது, மூக்கு பெரிதாகத் தெரிகிறது. பிரிண்ட் போட்டால் மங்கல் வேறு. நல்ல கேமரா வாங்க வேண்டுமா?
- வாசகர், ஆத்தூர்

பதில்: வேண்டாம். லென்ஸை வேட்டி நுனியால் துடையுங்கள், பாதி மங்கல் போய்விடும். பகலில் ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்காரவைத்து, வீட்டு விளக்குகளை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் பல்பு வெளிச்சமும் கலந்தால்தான் ஒரு கன்னம் மஞ்சளாகவும் ஒரு கன்னம் நீலமாகவும் ஆகும். கிட்டப் போய் எடுப்பதால்தான் மூக்கு பெருக்கிறது. ஆறடி தள்ளி நின்று, இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். குடும்பமாக நிற்கும்போது ஓரத்தில் இருப்பவர்கள் அகலமாகத் தெரிவதும் இப்படிக் கிட்டப் போவதால்தான். எங்கள் கடைக்கு வருகிற சண்டைகளில் பாதி அந்த ஓரத்து அத்தைகள் போடுவது.

பிரிண்ட் போட வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள். நாலுக்கு ஆறு அங்குலப் படத்துக்கு 1200க்கு 1800 பிக்ஸல் இருந்தால் தாராளம்.

கேள்வி: 1972இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அம்மா மடியில் நான், பின்னால் அப்பா. படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. தண்ணீரில் ஊறவைத்து உரிக்கலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.
- வாசகர், மன்னார்குடி

பதில்: பக்கத்து வீட்டுக்காரரை அந்தப் படத்தின் பக்கமே விடாதீர்கள். படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். மழைக்காலத்தில் ஈரத்தைக் குடித்து இளகும், வெயிலில் காய்ந்து கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். உரித்தால் அம்மாவின் முகம் கண்ணாடியோடு வரும், உங்கள் கையில் வெறும் தாள்தான் மிஞ்சும்.

கண்ணாடியோடு அப்படியே ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய் மறுபடம் எடுக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் வெளிச்சம் விட்டு, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டினால் பிரதிபலிப்பு வராது. புது பிரிண்டை மாட்டும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே நாலு ஓரமும் அட்டை வையுங்கள், இனி ஒட்டாது. ஈரம் தங்குகிற சுவரில் மாட்டாதீர்கள்.

அந்தக் காலத்தில் எங்கள் கடையில் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' சரக்குதான் அதிகம் ஓடியது. கறுப்பு வெள்ளை வெள்ளியால் ஆனது, ஈரம் படாமல் பார்த்துக்கொண்டால் உங்களை விட அதிக நாள் இருக்கும். எண்பதுகளில் பெருமையாகப் போட்டுக்கொடுத்த கலர் படங்கள்தான் இன்று செம்மண் நிறத்தில் திரும்பி வருகின்றன.

கேள்வி: எங்கள் வீட்டு போன்களில் இரண்டாயிரம் படங்களுக்கு மேல் இருக்கின்றன. எண்ணிப் பார்த்தேன், அம்மா இருப்பது பதினொன்றில். எல்லாவற்றையும் எடுப்பது அவர்தான். நான் எடுக்கப் போனால், "தலை கலைஞ்சிருக்கு, குண்டா இருக்கேன்" என்று முகத்தை மூடிக்கொள்கிறார்.
- கல்லூரி மாணவி, ஈரோடு

பதில்: கேட்டுவிட்டு எடுக்காதே அம்மா. உனக்குத் தலை பின்னிவிடுகிறாரா? போனை ஜன்னல் விளிம்பில் ஒரு டம்ளரில் சாய்த்து, பத்து நொடி டைமர் வைத்துவிட்டு வந்து உட்கார். எடுத்ததை அன்றைக்கே காட்டாதே. காட்டினால் அழிக்கச் சொல்வார். ஆறு மாதம் கழித்துக் காட்டு, "அப்போ ஒல்லியாத்தான் இருந்திருக்கேன்" என்பார். என் மனைவி மூன்று தடவை அப்படிச் சொல்லியிருக்கிறாள்.

ஊருக்கெல்லாம் எடுத்துக்கொடுத்த நானும் என் மகளும் சேர்ந்திருக்கிற சின்ன வயசுப் படம் ஒன்றே ஒன்றுதான். 1994. அவளுக்கு நாலு வயது. கடையில் வேலை பார்த்த பையன் ஃப்ளாஷ் எரிகிறதா என்று பார்க்க அமுக்கியது. நான் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன், டெவலப்பர் பட்டு நகமெல்லாம் கறுத்திருக்கிறது, அவள் என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ பார்க்கிறாள். ஃபோகஸ் முழுக்கப் பின்னால் தொங்குகிற அரண்மனைப் படுதாவில். எங்கள் இரண்டு பேர் முகமும் மங்கல். அப்பா பார்த்திருந்தால் நெகட்டிவைக் கிழித்திருப்பார். மகள் அதை பெங்களூரில் தன் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறாள். போன தீபாவளிக்குப் போயிருந்தபோது, இதை எடுத்த அண்ணனுக்கு அப்போது எவ்வளவு சம்பளம் கொடுத்தீர்கள் என்று கேட்டாள். மாதம் 300 ரூபாய் என்றேன்.

"ரொம்பக் கம்மிப்பா" என்றாள்.