ஆடாமல் உட்காருங்கள்

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். வயது இருபத்தாறு. சென்னையில் பரதநாட்டியத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு வீட்டு மொட்டைமாடியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வளரும் நடன அமைப்பாளர்களுக்காக ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் கோடையில் நடத்தும் ஆறு வார ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்கப்போகிறேன். தேர்வானால் தங்க இடம், ஒத்திகைக்கூடம், என் அமைப்பில் ஆட அங்குள்ள மாணவர்கள், வழிகாட்ட ஒரு மூத்த கலைஞர் எல்லாம் கிடைக்கும். கடைசியில், செய்தவரைக்கும் பார்வையாளர்கள் முன் காட்ட வேண்டும். ஜனவரி முடிவதற்குள் பத்து நிமிட வீடியோவும் என் கலையைப் பற்றி ஒரு குறிப்பும் அனுப்பியாக வேண்டும்.

பரதக் கச்சேரியின் நீண்ட, முக்கிய உருப்படியான வர்ணம் ஆடி அனுப்பினால் பழசு என்று ஒதுக்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. வட ஆற்காட்டுக்காரி என்பதால் தெருக்கூத்து என் ரத்தத்திலேயே இருக்கிறது. கூத்து அடவுகளை, அதாவது அதன் அடிப்படை ஆட்ட அசைவுகளை, கலந்து புதிதாக ஒன்று செய்து அனுப்பலாமா? என் ஆங்கிலம் சுமார்தான். அப்பா, ‘பள்ளிக்கூடத்தில் டான்ஸ் டீச்சர் வேலை காலியாக இருக்கிறது, அதைப் பார்’ என்கிறார். என் வீடியோவை இணைத்திருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஆங்கிலத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஆறு வாரமும் கால்களோடுதான் பேசப்போகிறீர்கள். அப்பா சொல்வது அப்பாக்கள் சொல்ல வேண்டியது. டீச்சர் வேலை அடுத்த வருஷமும் காலியாக இருக்கும். விண்ணப்பியுங்கள்.

கூத்து உங்கள் ரத்தத்தில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ரத்தத்தில் இருப்பது ஹீமோகுளோபின். கூத்து ஜமாக்களிடம், அதை ஆடும் குழுக்களிடம் இருக்கிறது. எந்த ஜமாவை எந்த ஊரில் விடிய விடியப் பார்த்தீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. நாடக ஆசிரியர் ந. முத்துசாமி தஞ்சாவூர்ப் பக்கம் புஞ்சையில் பிறந்தவர். வட ஆற்காட்டு ரத்தம் அவரிடம் ஒரு சொட்டு கிடையாது. செய்யாறு பக்கத்துப் புரிசையின் நடேசத் தம்பிரான் கூத்தைப் பார்த்தார், விடாமல் பின்னால் போனார், 1977இல் கூத்துப்பட்டறை என்ற அவருடைய நாடகக் குழு வந்தது. நீங்கள் குடியாத்தத்தில் இருந்துகொண்டு யூடியூபில் பார்த்த நாலு சுற்றையும் ஒரு குதியையும் வெள்ளைக்காரர்களுக்குப் பிடிக்கும் என்று வர்ணத்தில் கலக்கப்போகிறீர்கள். வேண்டாம் அம்மா. கூத்துக்காரர்களுக்கும் அது மரியாதை இல்லை, வர்ணத்துக்கும் இல்லை.

சரி, வீடியோவுக்கு வருகிறேன். இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

முழங்கால் மடக்கி நிற்கும் அரைமண்டி அழகாக உட்கார்ந்திருக்கிறது. கை சுத்தம். ஆனால் பத்து நிமிடமும் நீங்கள், நீங்கள், நீங்கள் மட்டும்தான். செல்போனைச் சுவரில் சாய்த்துவைத்து அதன் முன்னால் ஆடியிருக்கிறீர்கள். அவர்கள் கேட்பது நடனம் அமைப்பவரை. நீங்கள் அனுப்பப்போவது நன்றாக ஆடத்தெரிந்த ஒரு பெண்ணை. உங்கள் அரைமண்டியைப் பார்ப்பதற்காக ஒரு பல்கலைக்கழகம் ஆறு வாரத்துக்குச் செலவு செய்யாது.

‘பரதம் தனியாள் ஆட்டம்தானே’ என்பீர்கள். எங்கே தனியாள்? பாலசரஸ்வதி ஆடினார் என்றால் அவருடைய நட்டுவனார், தாளம் போட்டு ஆட்டுவிக்கும் ஆசான், கந்தப்ப பிள்ளை இருந்தார். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தாளம் தட்டும் தட்டுக்கழியோடு உட்கார்ந்துதான் அத்தனை பேரை உருவாக்கினார். நீங்கள் இன்று ஆடும் மார்க்கத்தை, அதாவது உருப்படிகளின் வரிசையை, 19ஆம் நூற்றாண்டில் வரிசைப்படுத்தித் தந்த தஞ்சை நால்வரும் நட்டுவனார்கள். ஆட ஒருவர், உட்கார்ந்து பார்க்க ஒருவர். அந்த இரண்டு பேர் சேர்ந்துதான் நம்முடைய ‘தனி’ ஆட்டம். கலாக்ஷேத்ரா காலத்தில் ருக்மிணி தேவி பக்கவாத்தியத்தை மேடையின் ஓரத்தில் உட்காரவைத்தார். அது பரவாயில்லை, ஓரத்திலிருந்தும் கண் தெரியும். அப்புறம் வந்தது பென்டிரைவ்.

போன மாதம் வேலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் அரங்கேற்றம் பார்த்தேன். எல்லாம் பதிவு செய்த பாட்டு. சொற்கட்டுக்கு ஆடும் ஜதியில் அந்தப் பிள்ளை அரை ஆவர்த்தம், பாதித் தாளச் சுற்று, பின்தங்கிவிட்டாள். நட்டுவனார் இருந்திருந்தால் ஒரு தட்டில் கையைப் பிடித்துத் தூக்கியிருப்பார். பென்டிரைவ் ஆடுகிறவளைப் பார்க்காது. அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது, பிள்ளை அழுகிற முகத்தோடு ஜதியை முடிக்கும் தீர்மானத்தைத் துரத்திக்கொண்டு ஓடினாள். அவளுடைய டீச்சர் முதல் வரிசையில் உட்கார்ந்து செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து எனக்கு இதே நினைப்புதான். பார்க்கிற வேலையை யாரும் செய்யவில்லை. பிறகு உங்கள் கடிதம் வருகிறது, அதிலும் செல்போன் சுவரில் சாய்ந்திருக்கிறது.

எங்கள் ஊர் ஆரணிக்குப் பக்கம். சித்திரை, வைகாசியில் திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளமும் தீமிதியும். நான் பையனாக இருந்தபோது வந்துகொண்டிருந்த ஜமாவின் வாத்தியார் வயதாகிவிட்டதால் வேஷம் கட்டுவதில்லை. ஆடுகளத்துக்குப் பின்னால் பெஞ்சில், ஆர்மோனியத்துக்கும் மத்தளத்துக்கும் நடுவில் தாளத்தோடு உட்கார்ந்திருப்பார். அவருக்குத் தெரிவது ஆடுகிறவர்களின் முதுகும் எங்கள் முகங்களும்தான். துச்சாதனன் எங்காவது மந்தமானால் எழுந்திருக்க மாட்டார். தாளத்தை ஓர் அதட்டு அதட்டுவார். துச்சாதனன் ரெண்டு அடி இந்தப் பக்கம் வந்துவிடுவான். தூங்கிக்கொண்டிருந்த நாங்களும் விழித்துக்கொள்வோம்.

விடிந்ததும் டீக்கடையில் விசாரணை நடக்கும். அரிதாரம் கலைக்காமல் துச்சாதனன் டீ குடித்துக்கொண்டிருப்பான். “ஏண்டா, மூணாம் பாட்டுல தெக்கால போனியே, அங்க யாருடா இருந்தா? வேப்பமரம். வேப்பமரத்துக்கு ஆடுனா அது காசு குடுக்குமா?” துச்சாதனன் பதில் பேசாமல் பொறையைத் தொட்டுச் சாப்பிடுவான். ராத்திரி முழுக்க ஒவ்வொருவனும் எந்தப் பாட்டில் எங்கே நின்றான் என்பது அவர் தலைக்குள் இருந்தது. மறுநாள் ராத்திரி எவனும் தெற்கே போகமாட்டான். நடன அமைப்பு என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது இந்த மனுஷர்தான். கூத்திலிருந்து நீங்கள் எதையாவது எடுக்க வேண்டுமென்றால் இதை எடுங்கள், அடவை விட்டுவிடுங்கள்.

அமெரிக்காவில் நீங்கள் போகப்போகிற இந்த ஏற்பாடும் இப்படித்தான் தொடங்கியது. பொருளாதார மந்தக் காலத்தில், வெர்மான்ட் மாநிலத்தின் பென்னிங்டன் கல்லூரி 1934 கோடையில் ஒரு நடனப் பள்ளி நடத்தியது. மார்த்தா கிரஹாம், டோரிஸ் ஹம்ப்ரி, சார்லஸ் வைட்மன், ஹன்யா ஹோல்ம் என்று அங்கத்திய நவீன நடனத்தின் பெரிய பேர்கள் எல்லாரும் வந்து சொல்லிக்கொடுத்தார்கள். படிக்க வந்தவர்களில் பெரும்பாலோர் உடற்பயிற்சி ஆசிரியைகள், கிட்டத்தட்ட உங்கள் அப்பா சொல்லும் டீச்சர் வேலைக்காரர்கள். பெரிய கலைஞர்களுக்கு அதில் என்ன லாபம்? ஆட்கள். கோடை முழுக்க ஆடத் தயாராக இருக்கும் உடம்புகள். ஹோல்ம் 1937இல் தன் பெரிய குழு நடனத்தை அங்கேதான், மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு செய்தார். அதே வருஷம் இளம் அமைப்பாளர்கள் மூன்று பேருக்கு உதவித்தொகை கொடுத்துக் கூப்பிட்டார்கள். அதில் ஒருவர் ஹோசே லிமோன், மெக்ஸிகோவில் பிறந்தவர்.

அங்கே நடன அமைப்பு வகுப்பு எடுத்த லூயி ஹார்ஸ்ட் நடனக்காரரே அல்ல. கிரஹாமுக்கு இசையமைத்துக் கொடுத்த பியானோக்காரர். பியானோ முன்னால் உட்கார்ந்து, மாணவர்கள் செய்ததைத் தயவில்லாமல் கிழிப்பதில் பேர்பெற்றவர். இன்னொன்று. டோரிஸ் ஹம்ப்ரிக்கு இடுப்பு மூட்டு போய் 1940களின் நடுவில் ஆடுவதையே விட வேண்டிவந்தது. அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? லிமோன் தொடங்கிய குழுவுக்குக் கலை இயக்குநராகி உட்கார்ந்தார். அவர் தன் கடைசி வருஷங்களில் செய்த நடனங்களை ஆடியவர்கள் எல்லாம் மற்றவர்கள்.

காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதம் கற்ற நடன அமைப்பாளர் சந்திரலேகாவும் இந்தப் பக்கம்தான் வந்து சேர்ந்தார். 1985க்குப் பிறகு அவர் செய்த பெரிய வேலையெல்லாம் மற்றவர்களின் உடல்களில். கேரளத்துத் தற்காப்புக் கலையான களரிக்காரர்களைக்கூட உட்காரவைத்து, நிறுத்தி, நகர்த்திப் பார்த்தார்.

நீங்கள் கேட்டது வர்ணமா, கலவையா என்று. எதுவாக இருந்தால் என்ன! அடவுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் ஆடாதீர்கள். மொட்டைமாடிக்கு வருகிற பிள்ளைகளில் பெரியவர்கள் மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள். ஏழரை மணிக்கெல்லாம் அம்மாக்கள் ஸ்கூட்டியோடு வந்து ஹாரன் அடிப்பார்கள், எனக்குத் தெரியும். அந்த அம்மாக்களிடம் போய்ப் பேசுங்கள். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. குடியாத்தத்தில் எத்தனை மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும்! ஒரு மேனேஜரைப் பிடித்து, கரண்ட் செலவை மட்டும் கொடுத்துவிட்டு, மாலையில் ரெண்டு மணி நேரம் கேளுங்கள். முதல் வாரம் பாட்டே வேண்டாம், தட்டுக்கழி போதும்.

உட்கார்ந்ததும் உங்களுக்குக் கால் அரிக்கும். எழுந்து ‘இப்படிம்மா’ என்று ஆடிக்காட்டத் தோன்றும். ஆடிக்காட்டினால் அந்தப் பிள்ளைகள் உங்களை மாதிரியே ஆடுவார்கள். பிறகு வீடியோவில் நாலு எஸ். இருப்பார்கள், அவ்வளவுதான். வாயால் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை தப்பாகப் புரிந்துகொண்டு வேறொன்று செய்வாள். அதை உடனே திருத்தாமல் ரெண்டு தடவை பாருங்கள். ஒருத்தி குட்டையாக இருப்பாள், ஒருத்திக்கு இடது பக்கம் திரும்ப வராது. அவளை எங்கே நிறுத்துவது என்பதுதான் உங்கள் வேலை. இதற்கு உங்கள் எம்.ஏ. பாடத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்கினார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை.

கலையைப் பற்றிய குறிப்பில் ரத்தம், மண், வேர், பாரம்பரியம் எதுவும் வேண்டாம். மண்டபத்தில் என்ன செய்து பார்த்தீர்கள், எது வரவில்லை என்று எழுதுங்கள். ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினால் போதும்.

ஜூனில் நீங்கள் அங்கே இருந்தால் இங்கே வைகாசி முடிவில் நடக்கும் பாரதக் கூத்து தவறிப்போகும். அதனால் பங்குனி பிறந்ததும் செய்யாறு, வந்தவாசி பக்கம் எந்த ஊரில் பாரதம் வைக்கிறார்கள் என்று விசாரித்து, ஒரு ராத்திரி முழுக்கப் பெஞ்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். போர்வையும் கொசுவத்தியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீடியோவை எனக்கு மறுபடி அனுப்ப வேண்டாம், நேரே அவர்களுக்கே அனுப்புங்கள். பிள்ளைகளுக்கு ஒத்திகை நாட்களில் பஸ் காசும் டிபனும் நீங்கள் கொடுக்க வேண்டும், மூன்று பேரின் பெயரும் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும்.