கிளட்ச் மிதி இல்லை, கிளட்ச் உண்டு

கேள்வி: இதுவரை கியர் வண்டிதான் ஓட்டியிருக்கிறேன். குடும்பத்தோடு நாகர்கோவில் வருகிறோம். அங்கே சின்ன ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாடகைக்கு எடுத்து, திற்பரப்பு, மாத்தூர் தொட்டிப்பாலம், கீழ்க்கோதையாறு வரை நானே ஓட்டலாம் என்றிருக்கிறேன். ஏற்றத்தில் பின்னால் உருளும் என்கிறார்களே, எப்படிச் சமாளிப்பது?

பதில்: முதலில் கியர் லிவரைப் பாருங்கள். ‘பி’ (பார்க்கிங்) இல்லாமல் ஆர் (ரிவர்ஸ்), என் (நியூட்ரல்), டி (டிரைவ்), எம் (கியரை நாமே மாற்றும் நிலை) மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் ஏஎம்டி, அதாவது கியரையும் கிளட்சையும் தானே இயக்கிக்கொள்ளும் கியர் வண்டி. உள்ளே இருப்பது வழக்கமான கியர்பாக்ஸும் கிளட்ச் பிளேட்டும்தான். உங்கள் காலுக்குப் பதிலாக ஒரு ஆக்சுவேட்டர் கிளட்சை இயக்குகிறது. உருளுவதும் கியர் மாறும்போது குலுங்குவதும் இதனால்தான்.

இடது காலைப் பின்னுக்கு இழுத்து வைத்துவிடுங்கள். பழக்கதோஷத்தில் அது கிளட்சைத் தேடிப் பிரேக்கை மிதிக்கும். வண்டி நடுரோட்டில் நிற்கும், பின்னால் வரும் பஸ் நிற்காது. பிரேக், ஆக்சிலேட்டர் இரண்டுக்கும் வலது கால் மட்டுமே.

ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, டி-யில் வைத்து, ஆக்சிலேட்டரை மெல்ல மிதியுங்கள். வண்டி முன்னால் இழுப்பது தெரிந்ததும் ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். ஏற்றத்தில் வண்டியைத் தானே பிடித்து வைக்கும் ஹில் ஹோல்ட் வசதி உள்ள வண்டி என்றாலும் அது பிடித்து நிறுத்துவது ஓரிரு நொடிகள்தான். பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியை ஏற்றத்தில் நிறுத்தி வைப்பதுதான் பலர் செய்யும் பெரிய தவறு. அப்போது கிளட்ச் பாதி பிடித்த நிலையில் உரசிச் சூடாகும். கருகல் வாடை வந்தால் சமதளத்தில் ஓரங்கட்டி, என்-னில் வைத்து ஆறவிடுங்கள். வாடை போகும்வரை ஏறவே வேண்டாம்.

கியர் மாறும் நொடியில் ஆக்சிலேட்டரைச் சற்றுத் தளர்த்தினால் குலுக்கல் குறையும். ஓவர்டேக் செய்ய மிதித்தால் வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் பாயும். மார்த்தாண்டம் ரோட்டு நெரிசலில் அந்த ஒரு கணம் ஆபத்தானது. முன்கூட்டியே எம்-முக்கு மாற்றி ஒரு கியர் குறைத்துக்கொள்ளுங்கள். எதிரில் சந்தேகம் என்றால் முந்தவே வேண்டாம்.

கோதையாற்றிலிருந்து பேச்சிப்பாறைக்கு இறங்கும்போது எம்-மில் இரண்டாம் கியர். பெட்ரோலை மிச்சம் பிடிக்க என்-னில் உருட்டினால் இன்ஜின் பிடிப்பு போய்விடும், முழுப் பாரமும் பிரேக்கில் விழும், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகலாம். மழை நனைத்த சாலையில் இன்னும் மோசம்.

சரிவில் நிறுத்துவதற்கும் முறை உண்டு. பிரேக்கை மிதித்தபடி ஹேண்ட்பிரேக்கை முழுதாக இழுங்கள். மூக்கு மேல்நோக்கி இருந்தால் டி, கீழ்நோக்கி இருந்தால் ஆர். திரையில் கியர் எழுத்து மினுக்காமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே இன்ஜினை அணையுங்கள். மறுபடி கிளப்ப, பிரேக்கை மிதித்து என்-னுக்குக் கொண்டுவர வேண்டும். பேட்டரி செத்தால் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. ஆகவே விளக்கை எரியவிட்டு அருவிக்குப் போகாதீர்கள்.

வண்டி எடுக்கும்போதே பக்கத்தில் ஒரு மேட்டில் ஏற்றிப் பாருங்கள். அப்போதே அதிர்வோ வாடையோ இருந்தால் வேறு வண்டி கேளுங்கள். இல்லையேல் தேய்ந்த கிளட்சுக்கான பணத்தை உங்கள் அட்வான்ஸில் பிடிப்பார்கள். நம்பர் பிளேட் கறுப்பில் மஞ்சள் எழுத்தாக இருக்க வேண்டும். வெள்ளை பிளேட் சொந்த வண்டியை வாடகைக்கு எடுத்து விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கலாம். களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போகும் எண்ணம் இருந்தால் அதற்கான பெர்மிட் நகலையும் சாவியோடு சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள்.