வளையலும் வடுமாங்காயும்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 50 வயது. பிறந்த ஊர் கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், வாக்கப்பட்டு வந்தது கோவைப் பக்கம் சூலூர். பத்தாவது வரை தமிழ் மீடியம். 1992 முதல் 1995 வரை அதே பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் அரசு கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம் படித்தேன். நீங்களும் அந்தக் கல்லூரிதான் என்று உங்கள் கட்டுரை ஒன்றில் படித்ததால்தான் இதை எழுதுகிறேன்.

2020 ஊரடங்கில் எங்கள் வகுப்புக்கு வாட்ஸப் குழு ஆரம்பித்தார்கள். முதல் மூன்று மாதம் ராத்திரி தூக்கமே இல்லை, அவ்வளவு பேச்சு. இப்போது காலை வணக்கப் படமும் பிறந்தநாள் கேக்கும் மட்டும்தான். எல்லாரும் மலையாள எழுத்தில் எழுதுகிறார்கள். எனக்கு இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். நான் படித்து முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கேயோ போயிருக்கும். போன மே மாதம், 30 வருஷம் ஆச்சு என்று பூர்வ வித்யார்த்தி சங்கமம், அதாவது பழைய மாணவர் கூட்டம், வைத்தார்கள். எல்லாரும் ஒரே நிறத்தில் சேலை கட்டிக்கொண்டு போனோம். சாப்பாடு, பாட்டு, போட்டோ எல்லாம் நன்றாக இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுகை வந்தது. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

எருத்தேம்பதிக்காரி ஒருத்தி வரவில்லை. மூன்று வருஷமும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள். அவள் டிபன் பாக்ஸில் அவள் அம்மா போட்ட வடுமாங்காய் இருக்கும். அவள் திறப்பதற்கு முன்னாலேயே நான் எடுத்துவிடுவேன். 2004இல் என் வீட்டுக்காரருக்கு மில்லில் கை மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவள் தன் இரண்டு வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். அடகு வைத்தேன். மூன்று மாதத்தில் மீட்டுத் தருகிறேன் என்று சொன்னவள், 14 மாதம் கழித்துத்தான் கொடுத்தேன். நடுவில் அவள் தங்கை கல்யாணம் வந்தது. அவள் கவரிங் வளையல் போட்டுக்கொண்டு மணவறைப் பக்கம் நின்றாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு அவள் கையைப் பார்த்தவள்தான், அதன் பிறகு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. 2011இல் அவள் அப்பா இறந்ததற்குப் போய் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்தேன். அவ்வளவுதான். நம்பர் இருக்கிறது, கூப்பிடக் கை வரவில்லை. இந்த வயதில் பழைய சினேகிதத்தை இழுத்துப் பிடிக்கத்தான் வேண்டுமா, இல்லை அது தன் காலம் முடிந்து போகட்டும் என்று விட்டுவிடலாமா?

ம.,
சூலூர்

அன்புள்ள ம.,

அக்கா என்று எழுதிவிட்டாய், நானும் நீ என்றே எழுதுகிறேன். உன் கடிதத்தில் இரண்டு விஷயம் இருக்கிறது. குழுவைப் பற்றியது சின்னது. அதை முதலில் முடித்துவிடலாம்.

குழுவை விட்டு வெளியேறாதே. யாருக்காவது ரத்தம் வேண்டுமென்றால், கோவையில் எந்த டாக்டரைப் பார்ப்பது என்று தெரிய வேண்டுமென்றால், ஒரு சாவுச் செய்தி வந்து சேர வேண்டுமென்றால் அதைப்போல உதவுவது வேறெதுவும் இல்லை. சத்தத்தை அணைத்து வைத்துவிட்டு ராத்திரி ஒரு முறை பார்த்தால் போதும். அங்கே நெருக்கம் கிடைக்கவில்லை என்று உன்னை நொந்துகொள்ளாதே. நீ சொன்ன மலையாள எழுத்து விஷயம் எனக்கும் உண்டு. நாம் படிக்கும்போது அந்தத் தடை இருந்ததே இல்லை. பஸ்ஸிலும் வராந்தாவிலும் அவர்கள் மலையாளத்தில் கேட்பார்கள், நாம் தமிழில் பதில் சொல்வோம், பாதி வாக்கியத்தில் இரண்டு பேரும் மாறிக்கொள்வோம். கும்ப மாதம் சித்தூர் பகவதிக்குக் கொங்கன்படைத் திருவிழா, கொங்கு நாட்டிலிருந்து வந்த படையைத் தோற்கடித்த கதையைக் கொண்டாடுவது, வந்தால் கிழக்கேயிருந்து வரும் நம்மையெல்லாம் கொங்கன் கட்சியில் சேர்த்துக் கேலி செய்வார்கள், நாமும் விடமாட்டோம். அதெல்லாம் வாயால் நடந்தது. அதையே எழுத்துக்கு மாற்றியதும் தமிழ் மீடியத்தில் படித்த பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எங்கள் குழுவிலும் அதுதான் நடந்தது. குழுவை நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் வாரத்துக்கு ஒரு முறையாவது எல்லாரும் குரலில் பேசும்படி செய்யுங்கள்.

சங்கமம் முடிந்து வரும்போது உனக்கு அழுகை வந்ததும் எனக்கு விளங்குகிறது. அமெரிக்காவில் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் என்பவர் 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம் கூட இருக்க வேண்டும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் வேண்டும் என்கிறது அது. நமக்குக் கல்லூரியும் பஸ்ஸும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 40 நாளில் அந்த 200 மணி நேரம் தீர்ந்துவிடும். முதல் ஓணப் பரீட்சை வருவதற்குள் நீங்கள் இருவரும் அதைக் கடந்திருப்பீர்கள். அதை எண்ணி வந்தவளுக்கு ஆறு மணி நேரத்தில் நாற்பது பேரைக் கொடுத்தால், அதிலும் தேடி வந்த ஆள் இல்லையென்றால், வேறென்ன வரும்?

பெண்களுக்கு இதில் இன்னொரு கஷ்டம் உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என் ஆட்டோகிராப் நோட்டை இன்றும் வைத்திருக்கிறேன். 1987 மார்ச், கடைசி வாரம். ரோஸ் நிறப் பக்கம், பச்சைப் பக்கம், மஞ்சள் பக்கம். ஒவ்வொருத்தியும் கீழே விலாசம் எழுதியிருக்கிறாள். அப்பா பேர், வீட்டுப் பேர் அல்லது களத்துப் பேர், தபால் ஆபீஸ், வழி சித்தூர். பையன்கள் எழுதிய விலாசத்துக்கு இன்றைக்குக் கடிதம் போட்டாலும் போய்ச் சேரும். அவர்கள் அதே வீட்டில், இல்லாவிட்டால் அதே வளைவில், புது வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். பெண்கள் எழுதியது அத்தனையும் அப்பா வீட்டு விலாசம். இரண்டு வருஷம்கூடத் தாங்கவில்லை. ஒருத்தி திருப்பூர், ஒருத்தி மஸ்கட், ஒருத்தி எங்கே என்றே தெரியாது. பெயருக்குப் பின்னால் புருஷன் பெயர் சேர்ந்துகொண்டது. போன் வந்த காலத்தில் முதல் நம்பர் புருஷன் பெயரில் இருந்தது, கூப்பிட்டால் அவர் எடுப்பார், யார் என்று கேட்பார். அப்படியே ஒவ்வொருத்தியும் கூப்பிடுவதை நிறுத்தினாள். குழு ஆரம்பிக்கும்போது ஆண்கள் இருபது பேரை ஒரே வாரத்தில் சேர்த்துவிட்டு, பெண்களில் பாதிப் பேரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வருத்தப்பட்டார்கள். அவர்கள் தொலைந்துபோகவில்லை. அனுப்பி வைக்கப்பட்டார்கள். நீ எருத்தேம்பதிக்காரியின் நம்பரை 2011இலிருந்து அழிக்காமல் வைத்திருப்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

இனி வளையல். அதற்கு முன் என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

என் வகுப்பில் கொல்லங்கோட்டுக்காரி ஒருத்தி. மலையாளி. மூன்று வருஷமும் நானும் அவளும் ஒரே பெஞ்சு. 2021இல் அவள் கணவர் கோவிடில் போய்விட்டார். செய்தி குழுவில்தான் வந்தது. எல்லாரும் கைகூப்பும் படம் போட்டார்கள், நானும் போட்டேன். போனில் கூப்பிட்டு என்ன சொல்வது என்று தெரியாமல் ஒரு நாள் தள்ளினேன், அது நாலு மாதமாகிவிட்டது. நாலு மாதம்! நான் இருக்கும் மீனாட்சிபுரத்திலிருந்து கொல்லங்கோடு எவ்வளவு தூரம்? காலையில் போய் மத்தியானச் சோற்றுக்குத் திரும்பி வரலாம்.

கடைசியில் ஒரு நாள் சொல்லாமலே போய் இறங்கினேன். அவள் கதவைத் திறந்து, 'வரூ, இரிக்கூ' என்றாள். அதற்கு மேல் 'நிங்ஙள் எப்போ எத்தி' என்றாள். நீங்கள் எப்போது வந்தீர்கள். நாற்காலி போட்டாள், டம்ளரைத் தட்டில் வைத்துச் சாயா கொண்டுவந்தாள். ம., என்னை அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. பெஞ்சில் என் துப்பட்டாவில் கை துடைத்தவள் என்னை நிங்ஙள் என்கிறாள். மன்னிப்புக் கேட்டேன். அதெல்லாம் ஒன்றுமில்லை என்றாள். ஒன்றுமில்லை என்பதும் விருந்தாளிக்குச் சொல்கிற பதில்தானே. ஒரு மணி நேரம் பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். நான் எழுந்திருக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. எனக்கு அப்போது என்ன தோன்றியதோ, 'எனக்குப் பசிக்குது, இங்கதான் திங்கப் போறேன்' என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சமையலறைக்குள் போனாள். உள்ளேயிருந்து குரல் வந்தது: 'எடீ, ஈ நாளிகேரம் ஒன்னு சிரகித் தா.' ஏடி, இந்தத் தேங்காயைக் கொஞ்சம் துருவிக் கொடு. நான் மணையைப் போட்டுத் தரையில் உட்கார்ந்து ஒரு முழுத் தேங்காயைத் துருவினேன். துருவி முடிப்பதற்குள் அவர் எப்படிப் போனார் என்பதை ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ஆரம்பித்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூட்டானைக் கிளறியபடியே முழுவதும் சொல்லி முடித்தாள்.

பி.ஏ. தமிழ் வகுப்பில் கெழுதகைமை என்று ஒரு சொல் வந்தது. அப்போது பரீட்சைக்காகப் படித்தேன். கேட்காமல் எடுத்துக்கொள்கிற உரிமை, கேட்காமல் செய்துவிடுகிற உரிமை என்று பொருள். வள்ளுவர் நட்புக்கு ஓர் அதிகாரம் வைத்ததோடு நிற்காமல், பழைமை என்று தனியாக 81ஆம் அதிகாரம் வைத்திருக்கிறார். பழைய நட்புக்கென்றே பத்துக் குறள். அதில் அவர் திரும்பத் திரும்பச் சொல்வது இந்த உரிமையைத்தான். நீ அவள் டிபன் பாக்ஸைத் திறக்கும் முன் வடுமாங்காயை எடுத்தாயே, அது கெழுதகைமை. 2004இல் அவள் வளையலைக் கழற்றியதும் அதுதான். நீ கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. அவளாகக் கழற்றிக் கொடுத்தாள் என்றுதான் எழுதியிருக்கிறாய்.

அதே அதிகாரத்தில் இன்னொரு குறள், 805. நண்பர் மனம் நோகும்படி ஒன்றைச் செய்துவிட்டால், அதை அறியாமை என்று மட்டும் நினைக்காதே, மிகுந்த உரிமையால் செய்தது என்றும் எடுத்துக்கொள் என்கிறது. பெருங்கிழமை என்பது அங்கே வரும் சொல். 14 மாதத் தாமதத்தை அவள் அந்தக் கணக்கில்தான் எழுதியிருப்பாள் என்று நான் நம்புகிறேன். கவரிங் வளையலோடு தங்கை கல்யாணத்தில் நின்றவள், வாய் திறக்காமல் நின்றாள் என்றால், கேட்கிறவர்களிடம் உன் பெயரைச் சொல்லாமல் காப்பாற்றியிருக்கிறாள் என்றுதானே பொருள்? நம் பக்கத்துக் கல்யாண வீட்டில் கையில் வளையல் எங்கே என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்.

அவளுக்கு நொந்திருக்கும் என்றால் அது அதற்குப் பிறகு நடந்ததுதான். வளையலைக் கொடுத்துவிட்டு நீயும் போய்விட்டாய். உரிமையாகக் கொடுத்ததைக் கடனாக மாற்றி, அடைத்துவிட்டு, கணக்கை முடித்தவள்போல நடந்துகொண்டாய். வெட்கத்தால் செய்தாய் என்பது எனக்குத் தெரிகிறது, அவளுக்குத் தெரியாது. அவள் இந்த இருபது வருஷமும், நான் என்ன தப்புச் செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். இது உன்னைக் கடிந்துகொள்வதற்காக எழுதவில்லை. நாலு மாதம் கொல்லங்கோட்டுக்குப் போகாமல் இருந்தவள் உன்னைக் கடிந்துகொள்ள முடியாது.

விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். சில சினேகிதங்களை விட்டுவிடலாம். வகுப்பில் 40 பேர் இருந்தால் 40 பேரையும் சுமக்க யாராலும் ஆகாது, அதில் பாவமும் இல்லை. பார்த்தால் சிரித்து, கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு வந்தால் போதும். இவள் அந்தக் கணக்கில் இல்லை. விட்டுவிட்டவள் பஸ்ஸில் அழமாட்டாள்.

குழுவில் தேடி அவளுக்குத் தனிச் செய்தி அனுப்பாதே. வாய்ஸ் மெசேஜும் வேண்டாம், நீ பேசிவிடுவாய், அவள் கேட்டுவிட்டு என்ன சொல்வது என்று மூன்று நாள் யோசிப்பாள். வளையலைப் பற்றி மன்னிப்புக் கேட்டு நீளமாக எதுவும் தயார் செய்துகொள்ளாதே. கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் பதில் வரும். பழப்பையும் பிஸ்கட் பாக்கெட்டும் வாங்கிக்கொண்டும் போகாதே, அது விருந்தாளி கொண்டுபோவது. வீட்டுக்காரரை முதல் முறை கூட்டிக்கொண்டு போகாதே, அவர் இருந்தால் இருவருக்கும் நீங்க, வாங்க என்றுதான் வாய் வரும். சூலூரிலிருந்து உக்கடம் வந்து பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் அவள் வீட்டு வாசலில் நிற்கலாம். சமையல் நடக்கும் நேரமாகப் பார்த்துப் போ. வாசலில் நின்று 'ஏம்புள்ள, வடுமாங்கா இருக்குதா' என்று கேள்.

வடு வருவது மாசி, பங்குனி. அதுவரை தள்ளிப்போடாதே. போன வருஷத்துப் பரணியில் அடியில் கொஞ்சமாவது கிடக்கும், சுருங்கி, உப்பு ஏறி. அவள் அம்மா இருக்கிறார்களா என்று நீ எழுதவில்லை. உனக்கே தெரியாது என்று நினைக்கிறேன். இருந்தால் அவர்கள் கையால் வாங்கித் தின்னு. இல்லையென்றால் அதையும் அவள் வாயால் கேள், அடுப்படியிலேயே உட்கார்ந்துகொண்டு. அவள் ஏதாவது வேலை ஏவினால் எழுந்து செய்.

போய்விட்டு வந்து எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
அக்கா